அண்ணன் குளித்த வெந்நீர்ச் சுனை

அண்ணன் இறந்த செய்தி கடைக்குத்தான் வந்தது. காரைக்குடியில் எங்களுக்குப் பாத்திரக் கடை. தை பிறந்துவிட்டதால் கல்யாணச் சாமான் வாங்க வந்தவர்கள் கூட்டம். போனை எடுத்தது நான். ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக யோசித்து யோசித்துப் பேசியது. மலைச்சாலையில் பனி உறைந்திருந்ததாம். கார் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். ஓட்டியது அண்ணன். கூட யாருமில்லை. அவரே பிடித்துத் தள்ளிவிட்டதைப் போல, மன்னியுங்கள் மன்னியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் ஜப்பான் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஒரு மலையூரில் இருந்த இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளர். எங்கள் குடும்பத்தில் வியாபாரத்தை விட்டு வெளியே போன முதல் ஆள் அவன்தான். 'கடையை உன் தம்பி பாத்துக்கிருவான், நீ போ' என்று அனுப்பி வைத்ததும் அப்பச்சிதான்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அதனால்தானோ என்னவோ, செய்தி கேட்டதிலிருந்து அவர் யாரிடமும் பேசவில்லை.

உடலை ஊருக்குக் கொண்டுவர நாளாகும் என்றார்கள். அங்கேயே எரித்துவிட்டு அஸ்தியைக் கொண்டுவரலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அப்பச்சி முன்பு மலேசியா போய்வந்தவர். நான் சிங்கப்பூர் வேலைக்காக அப்போதுதான் பாஸ்போர்ட் எடுத்திருந்தேன். ஆத்தாவிடம் பாஸ்போர்ட் இல்லை.

"நான் பெத்த பிள்ளைய நான் பாக்க வேணாமா? என்னைய விட்டுட்டுப் போறீகளே" என்று ஆத்தா அப்பச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவளே கையை விட்டுவிட்டு, கோயில் விபூதிப் பொட்டலத்தை என் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

நானும் அப்பச்சியும் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஊரே வெள்ளையாக இருந்தது. கடைக்குப் போன் செய்தவரே விமான நிலையத்துக்கு வந்திருந்தார். அண்ணனோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த நண்பர். வேட்டியோடு இறங்கிய அப்பச்சி குளிரில் நடுங்குவதைப் பார்த்து, காரிலிருந்து ஒரு கனத்த கோட்டை எடுத்துப் போர்த்தினார். அது அண்ணனுடையது. உட்பையில் பேருந்துச் சீட்டும் பாதி தின்ற மிட்டாய்ச் சுருளும் இருந்தன.

மயானம் ஆஸ்பத்திரியைப் போலச் சுத்தமாக இருந்தது. நான் அண்ணன் நெற்றியில் விபூதி பூசினேன். உலையை மூட்டும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அப்பச்சி கையைத் தூக்கினார், விரல் போய்ச் சேரவில்லை. நான் அழுத்தினேன். பிறகு எலும்புகளை எடுத்து, ஒரு பீங்கான் ஜாடியில் போட்டு, வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தார்கள். அப்பச்சி அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார்.

திரும்பும் விமானத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அந்த ஊரில் ஹோட்டல் கிடையாது. மலைக்கு மேலே பழைய வெந்நீர்ச் சுனை விடுதி ஒன்று இருக்கிறது, அங்கே தங்கலாம் என்றார் நண்பர். சுனை, விடுதி என்றதும் எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் என்ன சுற்றிப் பார்க்கவா வந்திருக்கிறோம்? ஆனால் சொல்லத் தெம்பில்லை.

விடுதி முழுக்க மரக்கட்டடம். கூரையில் பனி ஒரு முழம் உயரத்துக்குக் கிடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தோம். உள்ளிருந்து விடுதியை நடத்தும், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து, எங்கள் முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி வணங்கினார். பிறகு தலையை நிமிர்த்தி, அப்பச்சியைப் பார்த்து, தமிழில் சொன்னார்.

"வாங்க. சாப்டீகளா?"

'சாப்டீங்களா' என்றுகூட இல்லை. எங்கள் ஊர்க்காரர் சொல்வதைப் போலவே, 'சாப்டீகளா'. உச்சரிப்பு தடுமாறினாலும் ராகம் பிசகவில்லை. அப்படிச் சொல்ல அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் கற்றுக்கொடுத்திருக்க முடியும்.

செய்தி வந்த நாளிலிருந்து அழாத மனிதர், ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை மண்டியிட்டபடியே இருந்தார்.

எங்கள் அறையில் பாயே தரையாகப் பரந்திருந்தது. நண்பர் மொழிபெயர்க்க, அந்த அம்மா சொன்னதையெல்லாம் அங்கே உட்கார்ந்து கேட்டோம். சனிக்கிழமை தோறும் வேலை முடிந்ததும் அண்ணன் இங்கே வந்துவிடுவானாம். வாசலில் குவிந்த பனியை அள்ளிப் போடுவானாம். அடுக்களையில் புகுந்து, ஊரிலிருந்து வந்த மிளகுப் பொடியைப் போட்டு ரசம் வைப்பானாம். "எங்கள் வீட்டில் எல்லோரும் தும்மினோம்" என்று சொல்லும்போது மட்டும் அந்த அம்மா சிரித்தார். பிறகு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

எங்களுக்கு இது எதுவுமே தெரியாது. 'நல்லா இருக்கேன், குளிர் கொஞ்சம் ஜாஸ்தி' என்பதற்கு மேல் அவன் போனில் எதையும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

"அப்பாவுக்கு முழங்கால் வலி. கடையில் நின்று நின்று வந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனால் கூட்டிவந்து இந்தத் தண்ணீரில் உட்கார வைப்பேன்" என்று அவன் அடிக்கடி சொல்வானாம். அதை நண்பர் மிகத் தயங்கித்தான் மொழிபெயர்த்தார். நான் தமிழில் சொல்வதற்குள் அப்பச்சிக்கே புரிந்துவிட்டது. அந்த அம்மா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டியிருந்தார்.

குளிக்கப் போவதற்கு முன் உடுத்திக்கொள்ளக் கை அகன்ற பருத்தி அங்கி கொடுத்தார்கள். அப்பச்சி அதை வேட்டி கட்டும் வாக்கில், வலப்பக்கம் மேலே வரும்படி சுற்றிக்கொண்டு வந்தார். பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் வெளிறியது. ஓடி வந்து, அதைப் பிரித்து, இடப்பக்கம் மேலே வரும்படி மாற்றி, இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டார். பிணத்துக்குத்தான் அவர்கள் அப்படி வலப்பக்கத்தை மேலே போடுவார்களாம். நண்பர் என்னிடம் தனியாகச் சொன்னார். அப்பச்சியிடம் நான் சொல்லவில்லை.

சுனை வெட்டவெளியில் இருந்தது. கரும்பாறைகளுக்கு நடுவே ஆவி பறக்கும் தண்ணீர், சுற்றிலும் பனி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. எங்களுக்காக மற்ற விருந்தாளிகளைப் பிறகு வரச் சொல்லியிருந்தார்கள். துணியில்லாமல்தான் இறங்க வேண்டும் என்றதும் அப்பச்சி திகைத்தார். நான் அவரை வேட்டி இல்லாமல் பார்த்ததே இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதலில் இறங்கினேன். பின்னால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

கந்தக வாடை. முதலில் தோல் எரிந்தது, பிறகு இதமானது. கொஞ்ச நேரம் கழித்து அப்பச்சி கேட்டார்:

"இங்கனதான் உக்காந்திருப்பானாடா?"

"இருக்கும் அப்பச்சி."

"ஆத்தாகிட்ட நான் என்னான்னு சொல்றது?"

நான் தண்ணீரை அள்ளித் தோளில் ஊற்றிக்கொண்டேன்.

"சரி, தலை முழுகிருவோம்" என்றார்.

மயானத்திலிருந்து வந்து நாங்கள் இன்னும் தலை முழுகியிருக்கவில்லை. அந்தத் தண்ணீரில் தலையை அமிழ்த்தக் கூடாது என்று நண்பர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அது அந்த இடத்து வழக்கம். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிவிட்டார். எழுந்தார், மறுபடி முங்கினார். நானும் முங்கினேன். வெளியே வந்த தலைமயிர் குளிரில் விறைத்தது. மேலே நடைவழியில் அந்த அம்மா துண்டுகளோடு நின்றிருந்தார். பார்த்திருப்பார். அப்புறம் வந்து, துண்டைத் தலையில் போட்டுத் துவட்டிக்கொள்ளும்படி சைகை காட்டினார்.

இரவுச் சாப்பாட்டில் மீனே இல்லை. சோறு, பன்னீர் மாதிரி ஒரு சோயா பயற்றுக் கட்டி, கிழங்கு, உப்பில் ஊறிய ஒரு புளிப்புக் காய். மீன் வேண்டாம் என்று நான் சொல்ல நினைத்திருந்தேன், சொல்லியிருக்கவில்லை.

"துக்க வீட்டில் நாங்களும் மீன் சேர்ப்பதில்லை" என்றார் அந்த அம்மா.

அப்பச்சி குச்சிகளை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது அப்பச்சி அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, தமிழிலேயே பேசினார். "எம்புள்ள இங்க அனாதையா இருந்தான்னு நெனச்சேம்மா. நீங்க இருந்திருக்கீக." நண்பர் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொல்ல முயன்று, முடியாமல் நிறுத்திவிட்டேன். கார் வளைவில் திரும்பும்வரை அந்த அம்மா பனியில் குனிந்தே நின்றார்.

காரியத்துக்காக எங்கள் பூர்வீக ஊரான கண்டனூரில் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்தார்கள். கல்யாணத்துக்கு மட்டுமே திறக்கும் வீடு. அடுத்து அண்ணன் கல்யாணத்துக்குத்தான் திறப்பதாக இருந்தோம். ஆத்தா ஜாடியை வாங்கி, துணிக்கு மேலேயே தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அப்பச்சி பக்கத்தில் உட்கார்ந்து, விடுதியை, அந்த அம்மாவை, ரசத்தை எல்லாம் சொன்னார். அவ்வளவு பேச்சை அவர் ஆத்தாவிடம் பேசி நான் கேட்டதில்லை. ஆத்தா ஜாடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில், "அந்தப் பொம்பளைக்கு இருந்த குடுப்பினை எனக்கு இல்லாமப் போச்சே" என்று மட்டும் சொன்னாள்.

அஸ்தியை ராமேசுவரத்தில் கரைத்தோம். நான் சிங்கப்பூர் போகவில்லை. கடையிலேயே இருந்துவிட்டேன். அதன்பிறகு அப்பச்சி ஜப்பானைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. ஆனால் கடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் யாராவது பேச்சுவாக்கில், "உங்களுக்கு எத்தனை பிள்ளைக?" என்று கேட்டால், சாமானை எடை போட்டுக்கொண்டே சொல்வார்:

"ரெண்டு பயலுக. இவன் சின்னவன். பெரியவன் ஜப்பான்ல இருக்கான்."

நான் குனிந்து பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருப்பேன்.