ஐஸ்பெட்டிக்குள் போன பொன்வண்டு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஆறேழு வருடங்கள் தயங்கிவிட்டேன். அதிகம் படித்தவனில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மலேசியாவில், ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை. காலையில் வீடு திரும்பும் வழியில், பழைய ரப்பர் தோட்டத்து அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கைப்பேசியில் சின்ன லென்ஸ் மாட்டிப் பூச்சிகளைப் படம் எடுப்பேன். உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும். ஆனாலும் சாய்வான இளவெயிலில் அதுகளின் முதுகு மினுங்குவதைப் பார்த்தால் கால் நகராது.

கோயிலுக்குப் பின்னால் சர்க்கரைவள்ளிக் கொடியில் ஒரு பொன்வண்டு இருந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதிதான், அசல் தங்கம்.

கோயில் தலைவரிடம் சொன்னேன். "அண்ணே, தெளிவா ஒன்னு எடுத்துக் குடுங்கலா. இந்த வருசம் நம்ம கோயில் காலண்டர்ல போட்டுருவோம்" என்றார். நான் செய்தது எதுவும் அதுவரை யார் வீட்டுச் சுவரிலும் தொங்கியதில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று காலை முயன்றேன். என் கை நடுங்கும், வண்டு நகரும், படம் மங்கிப்போகும். குளிரில் வைத்தால் பூச்சி அசையாது என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. நாலாம் நாள் அதை டப்பாவில் பிடித்துவந்து ஐஸ்பெட்டியில் வைத்தேன். பத்தே நிமிடம் என்று நாற்காலியில் சாய்ந்தவன், அசதியில் தூங்கிப்போனேன்.

மதியம் மனைவி எழுப்பினாள். "என்னாங்க, தயிருக்குப் பக்கத்துல செத்த பூச்சிய வச்சிருக்கீங்க?"

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த சருகுத் துணுக்கு மாதிரி பழுப்பாகக் கிடந்தது. உயிர் இருக்கும்வரைதான் அந்த நிறம் என்பது எனக்குத் தெரியாது.

"தங்கம்னு சொன்னீங்க?" என்றாள்.

சாயங்காலம் தலைவர் கேட்டபோது, "பறந்துருச்சு" என்றேன்.

"புடிக்காம விட்டுட்டீங்களா! நல்ல மனசுண்ணே உங்களுக்கு. அம்மா பாத்துக்கிட்டுதான் இருப்பா."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஓர் அக்கா என் இலையில் பொங்கலை இன்னொரு கரண்டி வைத்தார். பெண்கள் வரிசையில் என் மனைவி குனிந்த தலை நிமிரவில்லை.

இப்போதும் படம் எடுக்கிறேன். நகர்ந்தால் நகரட்டும் என்று விட்டுவிடுகிறேன். மங்கிய படங்களே அதிகம். அம்மனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மனிதர்களிடம் சொல்லத்தான் இத்தனை காலம் ஆயிற்று. நீங்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், நடந்தபடியே சொல்லுங்கள். வண்டு பறந்துவிட்டது என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அந்தப் பொய்க்குக் கிடைத்த பொங்கல் இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது.