பெர்சி டீச்சரின் நிரை

பெர்சி டீச்சருக்கும் எனக்கும் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. என் மகள் இந்து பத்தாம் வகுப்பில் படித்தபோது, அரையாண்டுப் பரீட்சையில் ஆங்கிலத்தில் மட்டும் ஒரே ஒரு மார்க்கில் தோற்றுவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. தேயிலைக் கொழுந்து எடுத்த கையோடு, காலில் கம்பூட்ஸும் இடுப்பில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் படங்குமாக, தேவிகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில் போய் நின்றேன். உள்ளேயிருந்து வந்தவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கள் கூட்டத்தில் கொழுந்து எடுக்கும் கத்தரீனாளின் மகள்தான். இருந்தாலும் சண்டைக்கு வந்தபின் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

"ஒரு மார்க்கு போட்டா கொறஞ்சா போயிருவீங்க?" என்றேன்.

"கொறைய மாட்டேன்கா. ஆனா போட மாட்டேன். அடுத்த பரீட்சையில அவளே எடுப்பா" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தாள். திட்ட வந்தவள் கையில் டீ கிளாஸைக் கொடுத்தால் அவள் எப்படித் திட்டுவாள்?

முழுப் பரீட்சையில் இந்து தேறினாள். இப்போது தேனியில் நர்சிங் படிக்கிறாள். எனக்கு மட்டும் அந்தக் கோபத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வந்துவிடும், அதற்குப் போகத்தான் வழி தெரியாது.

போன ஜூன் மாதம் ஒரு காலையில், ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் மஸ்டரில், அதே டீச்சர் கையில் கொழுந்துக் கத்திரியோடு நிற்கிறாள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் விஷயம் புரிந்தது. கத்தரீனாள் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து அந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றாள். வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகள் எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் பெயராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் அந்த வீட்டில் குடியிருக்க முடியும். பெர்சியின் அப்பா யாக்கோபு இறந்து பல வருஷமாகிறது. கூடப் பிறந்தவர்களும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்தது தினக்கூலி வேலை. அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஒரு டீச்சர் வந்ததும் இவளை நிறுத்திவிட்டார்கள். சர்க்கார் பட்டியலில் இவள் பெயர் இருக்கிறது, எப்போது கூப்பிடுவார்கள் என்பது மேலே இருக்கிறவனுக்குத்தான் தெரியும். கத்தரீனாளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. கீழே தமிழ்நாட்டில் ஊர் என்று ஒரு பெயர் உண்டே தவிர, போய் இறங்கினால் வாங்க என்று சொல்ல ஆள் இல்லை.

புது ஆளை மூன்று மாதம் சோதித்துப் பார்ப்பார்கள். மூன்றாவது மாதக் கடைசியில் ஒருநாள் தனியாக ஒரு நிரையில் விட்டு, அந்த வரிசைச் செடியிலிருந்து பகல் முழுக்கக் கொழுந்து எடுக்கச் சொல்வார்கள். சாயங்காலம் எடை போடும்போது இருபத்தைந்து கிலோ இருந்தால் பெயர் நிலைக்கும். இல்லையென்றால் பெயரும் போகும், ஒரு மாதத்தில் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நாங்கள் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தோம். எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். ஆறு பேர் பிள்ளைகளுக்கும் அவள் டீச்சர். நம் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நம் கண்முன்னால் அட்டைக் கடியில் குனிந்து நிற்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? வயிற்றுப்பிள்ளைக்காரியோ சுகமில்லாதவளோ கூட்டத்தில் இருந்தால், அவளுடைய நிரையை இரண்டு பக்கத்து ஆட்களும் ஆளுக்குப் பாதியாக எடுத்து அவள் சாக்கை நிரப்பிவிடுவது எங்களுக்குள் இருக்கிற வழக்கம். டீச்சருக்கும் அதையே செய்தோம். அவள் தடுத்துத்தான் பார்த்தாள்.

"அக்கா, நானே எடுக்கேன்."

"நீங்க சும்மா நில்லுங்க டீச்சர். இங்க அதுதான் வழக்கம்" என்று ஒரே வாயாக அடக்கிவிட்டோம். சூப்பர்வைசர் சுடலைமணிக்கும் இது தெரியும். அவன் பையனும் அவளிடம் படித்தவன்தான், அதனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

கைம்மாறாக நாங்கள் கேட்டது ஆங்கிலம். எங்கள் புது மேனேஜர் வடக்கே இருந்து வந்தவர். அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. நாங்கள் சொல்வதை சுடலைமணிதான் அவரிடம் சொல்வான். ஒருமுறை லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி நான் கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினேன். சுடலைமணி அவர் பக்கம் திரும்பி, "ஆல் ஓகே சார்" என்றான். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். கூரை இன்னும் ஒழுகுகிறது.

மதியச் சோற்று நேரத்தில், எடை போடும் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறையில் வகுப்பு நடக்கும். புத்தகம் கிடையாது. ஒவ்வொருத்தியும் அன்றைக்குத் தன் வீட்டில் நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவளுடைய வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். ஒருத்தி திக்கினால் பக்கத்தில் இருப்பவள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவளும் எடுத்துக் கொடுக்க மாட்டாள். "சொல்லு கிடைக்கலன்னா, தெரிஞ்ச சொல்ல வச்சு சுத்தி வாங்கக்கா. எவ்வளவு நேரமானாலும் நான் இருக்கேன்" என்பாள். வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி நான் உட்கார்ந்திருப்பேன், எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் முதன்முதலில் "மை ரூஃப் இஸ் க்ரையிங்" என்று நான் சொன்ன அன்று, அந்தப் பிள்ளை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் பொன்ராஜ் வட்டவடைக்கு டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவர். கையில் பத்து வார்த்தை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக அலட்டுகிறார். அன்றைக்கு வீட்டில் நான் பேசியதைக் கேட்டதோடு அலட்டலை நிறுத்திக்கொண்டார்.

இரண்டரை மாதம் இப்படிப் போனது. ஒருநாள் ஆள் குறைகிறது என்று எங்கள் ஆறு பேரையும் அடுத்த மலைக்கு அனுப்பிவிட்டார்கள். டீச்சர் மட்டும் இங்கே தனியாக எடுத்தாள். சாயங்காலம் நாங்கள் ஷெட்டுக்கு இறங்கி வந்தபோது அவள் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஒன்பது கிலோ. அதிலும் பாதி முற்றல் இலை.

"இங்க இதுதான் வழக்கம்னு சொன்னீங்களேக்கா" என்றாள். "பரீட்சைய நீங்க எழுதிட்டு எனக்கு மார்க்கு வாங்கித் தந்திருக்கீங்க. இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நான் எங்கம்மாவ எங்க கூட்டிட்டுப் போவேன்?"

மரியாதை என்று நினைத்து நாங்கள் அவள் காலை வாரிவிட்டிருக்கிறோம். எனக்கு என்மேலேயே வந்த கோபத்தில், அங்கேயே அவள் கையிலிருந்த கத்திரியைப் பிடுங்கி, "இப்படிப் பிடிக்கணும் ஏட்டி! மணிக்கட்ட வளைக்காத!" என்று கத்தினேன். அன்றைக்குத்தான் அவளை முதல் முறையாக டீச்சர் என்று கூப்பிடாமல் விட்டேன். அவள் அழுகையோடு சிரித்தாள்.

பத்து நாளும் அவளைப் பாடாய்ப் படுத்தினோம். சரிவில் கால் எப்படி ஊன்றுவது, எந்தச் செடியில் கத்திரியைத் தாழ்த்துவது, மழையில் சாக்கை எங்கே வைத்தால் எடுக்க லேசாக இருக்கும் என்று ஆறு பேரும் ஆறு பக்கமிருந்து கத்தினோம். கை கொப்பளித்தது, துணியைச் சுற்றிக்கொண்டு எடுத்தாள். அவள் சாக்கில் யாரும் ஒரு கொழுந்துகூடப் போடவில்லை. ஆனாலும் மூன்று மாதத்தில் படிய வேண்டிய கை பத்து நாளில் படியுமா?

எடை போட்டுப் பார்க்கிற நாள் வந்தது. மேனேஜரே வந்திருந்தார். சாயங்காலம் தராசு முள் பத்தொன்பதில் நின்றுவிட்டது. மேனேஜர் நோட்டைத் திறந்தார். சுடலைமணி எச்சிலை விழுங்கிக்கொண்டு, "நியூ ஹேண்ட் சார். வீக் சார்" என்றான். அவ்வளவுதான் அவனுக்கு வரும்.

நான் எப்படி முன்னால் போனேன் என்று எனக்கே தெரியாது.

"சார், மை நேம் வேலுத்தாய். திஸ் இஸ் நாட் பெர்சி மிஸ்டேக். வீ சிக்ஸ் மிஸ்டேக்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். தவறு எங்களுடையது என்று சொல்லியாயிற்று. இனி அவளுடைய சாக்கை நாங்கள் நிரப்பியதைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எங்கள் ஆறு பேர் வேலைக்கும் ஆபத்து வரலாம். திரும்பிப் பார்த்தேன். ஐந்து பேரும் சொல்லு என்று தலையசைத்தார்கள்.

"வீ ஃபில் ஹெர் பேக், சார். எவ்ரி டே. ஷீ இஸ் டீச்சர், சோ வீ..." அங்கே நின்றுவிட்டது. மரியாதை என்பதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியவில்லை. பெர்சியைப் பார்த்தேன். ஒரே ஒரு சொல், அவள் உதட்டை அசைத்தால் போதும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் காத்துக்கொண்டிருந்தார்.

"சோ வீ... வீ ஸ்டேண்ட் அப் வென் ஷீ கம்" என்றேன். "ஷீ ஒன்லி டென் டேஸ் லேர்ன். டென் டேஸ், நைன்டீன் கிலோ. ஃபிஃப்டீன் டேஸ் மோர் கிவ், சார். வீ நோ டச்."

மேனேஜர் என்னையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். சுடலைமணி வாயைப் பிளந்தபடி நின்றான். பிறகு மேனேஜர் நோட்டில் என்னவோ எழுதி, பதினைந்து நாள் என்றார். அதற்குள் அவள் சாக்கில் வேறு ஒருத்தி கை பட்டால், ஏழு பேர் பெயரையும் பதிவிலிருந்து வெட்டிவிடுவேன் என்றும் சொன்னார். அதை எனக்கு யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதினாறாம் நாள் பெர்சி இருபத்தாறு கிலோ எடுத்தாள். தனியாக, அவள் நிரையில், மழையோடு மழையாக. பதிவில் பெயர் ஏறியதும் கத்தரீனாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள்.

அன்று லயத்துக்கு இறங்கி வரும்போது, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, அன்னைக்கி நான் அந்தச் சொல்லு கிடைக்காம முழிச்சேன்ல. உன் வீடு போகுற நேரம். நீ ஒரு சொல்லு எடுத்துக் குடுத்திருக்கக் கூடாதா?"

பெர்சி கொப்பளித்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க நிரையில நான் கை வைக்கலாமாக்கா?" என்றாள்.