போறணைக் கம்பளி

யுத்த காலத்தில் ஏறாவூரில் எங்கள் வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் பாண் சுட்டு விற்றோம். பாண் வேகும் போறணை அடுப்புக்கு நெருப்பு மூட்டுவது என் கணவரும் அவருடைய தம்பியும். மாப் பிசைவது நான். பொறி எங்காவது விழுந்தால் போட்டு அமுக்குவதற்கென்று தடித்த கம்பளிப் போர்வைகள் இரண்டு சுவரில் தொங்கின. ஆனால் தட்டுகளுக்கு எண்ணெய் பூசிய கையை எல்லோரும் அவற்றில்தான் துடைத்தோம்.

ஒருநாள் பின்னேரம் விறகுக் குவியல் பற்றியது. கணவர் ஒரு கம்பளியை உருவி அதன்மேல் போட்டார். எண்ணெய் ஊறியிருந்த கம்பளியும் சேர்ந்து எரிந்தது. அதை இழுக்கப் போன அவருடைய வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித்தான் அணைத்தோம்.

மறுநாள் கொழுந்தன் சொன்னார்: “மற்றதையும் எறியுங்க மச்சி. எண்ணெய் குடிச்ச கம்பளி கழுவினாப் போகாது.”

“எறிஞ்சா நாளைக்கு எதால அமுக்கிற? இந்த யுத்தத்துக்குள்ள புதுசு எங்க கிடைக்கும்? போகும் தம்பி. போக வைக்கிறன்.”

எரியாத நல்ல கம்பளியில் உடனே கைவைக்க எனக்குத் துணிவு வரவில்லை. எரிந்ததில் மிஞ்சிய துண்டை முதலில் எடுத்தேன். சுடுதண்ணீரில் சாம்பல் கரைத்து அடித்துத் துவைத்தேன். எண்ணெய் போனது, ஆனால் துண்டு பாதியாகச் சுருங்கி மரப்பட்டை போல் விறைத்துவிட்டது. கொழுந்தன் சிரித்தார். சுடுதண்ணீரும் அடியும்தான் அதைச் சுருக்கியது என்று எனக்கு விளங்கியது.

நல்ல கம்பளியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். பச்சைத் தண்ணீரில் பூவந்திக்கொட்டை நுரையை விட்டு ஊறவைத்தேன். அடிக்கவில்லை, முறுக்கவில்லை. உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி அழுக்கை வெளியேற்றினேன். நுரை வெள்ளையாக வரும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். இடுப்பு விட்டுப்போனது. பிறகு நிழலில் பாய் விரித்து, மடிப்பில்லாமல் பரப்பினேன். முழுக்கக் காய நாலைந்து நாள் சென்றது.

காய்ந்ததும் ஒரு தணலை எடுத்து அதன் மூலையில் வைத்தேன். மயிர் கருகும் வாடை வந்தது, கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது, அவ்வளவுதான். கட்டுப்போட்ட கையோடு பார்த்துக்கொண்டிருந்த கணவர், “நடுவிலயும் வைச்சுப் பாரு புள்ள” என்றார். வைத்தேன். அங்கேயும் பற்றவில்லை.

அதை எட்டி எடுக்கிற உயரத்தில் தனி ஆணியில் மாட்டினேன். கை துடைக்க வேறு சாக்குத் துண்டு போட்டேன். கம்பளியைத் தொட்டவர்கள் யாராக இருந்தாலும் ஏச்சு வாங்கினார்கள்.

கணவரின் கை ஆறியது, விரல்கள் மட்டும் முழுதாக மடங்கவில்லை. அவர் பாண் விற்கப் போனார், போறணை வாயில் நான் நின்றேன். பொம்பிளைக்கு எதற்கு இந்த நெருப்பு வேலை என்று சிலர் கேட்டார்கள். நான் அடுத்த தட்டை உள்ளே தள்ளினேன்.

அந்த மாரிமழைக் காலத்தில் எரிகிற கொள்ளி ஒன்று உருண்டு மாச்சாக்கின்மேல் விழுந்தது. கம்பளியை இழுத்துப் போட்டு, ஓரங்களைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றேன். புகை அடங்கியபின் கொழுந்தன் மெல்லத் தூக்கிப் பார்த்தார். சாக்கின் விளிம்பு மட்டும் கருகியிருந்தது.

“மச்சி, மா தப்பிட்டு!” என்றார்.

“ஓம். தட்டை எடுங்க, போறணைச் சூடு இறங்கப் போகுது” என்றேன். அன்றைய பாணை அன்றே சுட்டு முடித்தோம்.