மைக்கக்காவின் இடது கண்

எங்கள் பேருந்து நிலையத்தில் அவரை எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக மாடியிலிருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர். நான் அதே மாடியில் நேரக்காப்பாளர். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும்.

அதைக் குரல் வேலை என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். பாதிதான் சரி. மீதிப் பாதி கண் வேலை. மொத்தம் பதினான்கு மேடை. தாளில் ஒன்று இருக்கும், ஓட்டுநர் வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்தியிருப்பார். அக்கா மேலிருந்து வண்டியின் பின்பக்க நசுங்கலைப் பார்த்தே இது இன்ன வண்டி என்று கண்டுபிடித்து, நொடியில் அறிவிப்பை மாற்றிவிடுவார். நாள் முழுக்க ஏசிக் காற்றில் அப்படிக் கண் கொட்டாமல் பார்த்துப் பார்த்து, மூன்று வருடமாக அவருக்குக் கண் வறண்டு போய்விட்டது. காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும்.

அந்தச் சொட்டைத் தானே விட்டுக்கொள்ள அவருக்கு வராது. பாட்டில் கிட்டே வந்தாலே இமை இறுக மூடிக்கொள்ளும். அதனால் கணவர்தான் விட்டுவிடுவார். அவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர். குரல் எழும்பாத மனிதர். அக்கா வீட்டுக்காரருக்கு வாய் இருக்கிறதா என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. தினமும் காலையில் சமையலறை நாற்காலியில் அக்கா அண்ணாந்து உட்காருவார். கணவர் பின்னால் நின்று, "மேல பாரு, மேல பாரு... விட்டுட்டேன்" என்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அதிகம் பேசுவது அந்த ஒரு நிமிடம்தான் என்று அக்காவே சொல்வார்.

ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் கணவர் தன் செருப்பின் அடியை ஒட்டிவிட்டு, பசை பாட்டிலைக் கொண்டுபோய் அலமாரியில் மருந்து வைக்கும் டம்ளரிலேயே போட்டிருக்கிறார். சொட்டினதும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் பசை. மருந்து பாட்டிலும் அதே உயரம், அதே வெள்ளை, அதே நீல மூடி. காலையில் அவருடைய மூக்குக்கண்ணாடி படுக்கையறையில் இருந்தது. பழக்கப்பட்ட வேலைக்குக் கண்ணாடி எதற்கு என்று கை அது பாட்டுக்கு ஒரு பாட்டிலை எடுத்தது.

"மேல பாரு... விட்டுட்டேன்."

"என்னங்க, எரியுதே."

"கொஞ்சம் எரியத்தான் செய்யும்."

"இல்லங்க. கண்ணு திறக்கமாட்டேங்குது."

அவர் ஓடிப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைப் பார்த்தார். இதை எனக்குச் சொன்னபோது அக்கா இந்த இடத்தில் நிறுத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. கணவருக்கு ஆய்வகத்துப் பழக்கம் கைகொடுத்தது. கண்ணில் ஏதாவது தெறித்தால் முதலில் என்ன செய்யவேண்டும் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

"தேய்க்காத. இழுக்காத. கையை எடு, கையை எடு" என்று குழாயடிக்கு நடத்திக்கொண்டு போனார். வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளையில் மொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கால் மணிநேரம் ஊற்றினார். அப்புறம் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, வாசலில் வந்த வாடகை வண்டியை மறித்தார்.

கண் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. முன் மேசையிலிருந்த நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார், இன்னொரு முறை கழுவினார், பாட்டிலை வாங்கி அதிலிருந்ததைப் படித்தார்.

"பாட்டிலைக் கொண்டுவந்தது நல்லதாப் போச்சு. பிச்சு எடுக்கப் பாக்கலையே? நல்லது. உட்காருங்க, கூப்பிடுவாங்க."

"சிஸ்டர், பார்வை போயிடுமா?"

"டாக்டர் பாத்துட்டுத்தாம்மா சொல்லணும்."

ஈரப் பஞ்சு வைத்துக் கண்ணைக் கட்டி, கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. அப்போது உள்ளே போய்க்கொண்டிருந்தது ஆறாவது ஆள்.

கூடம் நிறைய இரும்பு நாற்காலிகள். பாதிப் பேருக்கு ஒரு கண்ணில் கட்டு, சிலருக்கு இரண்டிலும். எண் காட்டும் பலகை சுவரில் உயரத்தில் இருந்தது. அதில் காலையிலிருந்தே நான்கு என்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஸ்பிரிங் வைத்த கதவை ஒரு சாண் திறந்து, ஒரு ஊழியர் தலையை நீட்டி, தன் சட்டைப் பைக்குள் சொல்வதுபோல ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு மறைந்தார். முன்வரிசைக்குக் கேட்டது. பின்னால் இருந்தவர்கள், "என்ன சொன்னாரு? என்ன நம்பர்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டரை மணிநேரம் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கணவர் எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கி வந்தார், "தப்புப் பண்ணிட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "தப்புப் பண்ணிட்டேன்" என்றார். அக்கா பதில் சொல்லவில்லை. கோபம் இல்லை, பேசினால் அழுகை வந்துவிடும் என்ற பயம். நல்ல கண்ணை மூடிப் பார்த்தார். இருட்டு. கட்டு இருப்பதால் இருட்டா, பார்வையே போய்விட்டதால் இருட்டா? தெரிந்துகொள்ள வழியில்லை. அதுதான் அவரைத் தின்றது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு மாடியிலிருந்து எந்த வண்டி முன்னால், எந்த வண்டி பின்னால் என்று எப்படிச் சொல்வது? டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கும் கண் வேண்டுமே.

பத்தரை மணிக்குக் கார் பேட்டரி வெடித்து முகத்தில் அமிலம் அடித்த ஒருவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நேரே உள்ளே கூட்டிப்போனார்கள். கண்ணில் மரத்தூள் விழுந்து ஒரு தச்சர் காலை ஆறரையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து கத்தினார்.

"நாங்கல்லாம் வேடிக்கை பாக்கவா வந்திருக்கோம்? எனக்கு இருபத்தொண்ணு. நேத்தே வந்து படுத்திருக்கணும் போல!"

கூடமே சேர்ந்துகொண்டது. கதவிடுக்கிலிருந்து ஊழியர் ஏதோ சொன்னார். ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில், அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இரண்டு கண்ணிலும் கட்டோடு தனியாக இருந்த ஒரு பெண்மணி மெல்லக் கேட்டார்:

"எனக்குப் பதினேழு. வந்துடுச்சாங்க?"

பதினேழு போய், பதினெட்டும் உள்ளே போயிருந்தது.

அக்கா எழுந்தார். நேரே கதவுக்குப் போய்த் தட்டினார்.

"தம்பி, பதினேழு இங்க உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு கண்ணும் கட்டு. போர்டும் வேலை செய்யல, நீங்க சொல்றதும் கேக்கல. அவங்க எப்படி வருவாங்க?"

ஊழியர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். காற்று மட்டும் வந்தது. "தொண்டை கட்டிக்கிச்சும்மா. மூணு நாளா இப்படித்தான். லீவு கேட்டா ஆள் இல்லைங்கறாங்க."

"சரி, என்கிட்ட வந்து சொல்லுங்க. நான் சொல்றேன்."

கணவர் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார். "உனக்கே கண்ணு..."

"கண்ணுக்குத்தானே? வாய்க்கு ஒண்ணும் ஆகல" என்றார் அக்கா. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பதினேழாம் எண்காரரைக் கைபிடித்து உள்ளே விட்டுவிட்டு, அக்கா நர்ஸ் மேசைக்குப் போனார். எத்தனை டாக்டர், ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம், அந்த பேட்டரி ஆளை ஏன் முதலில் கூட்டிப்போனார்கள். மூன்று கேள்விதான். நர்ஸ் எழுதிக்கொண்டே பதில் சொன்னார். அக்கா கூடத்தின் நடுவில் வந்து நின்று, நிலையத்தில் எப்படிச் சொல்வாரோ அப்படியே ஆரம்பித்தார்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

கூடம் கொல்லென்று சிரித்தது. அக்காவும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க, பழக்க தோஷம். இப்ப உள்ள ஒரே ஒரு டாக்டர்தான் இருக்காங்க. இன்னொருத்தர் ஆபரேஷன்ல இருக்கார், ரெண்டு மணிக்கு மேலதான் வருவார். ஒருத்தருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகுது. இப்ப வந்தவருக்கு அமிலம் பட்டிருக்கு. அது நிமிஷத்துக்கு நிமிஷம் உள்ள அரிச்சுக்கிட்டே போகுமாம், அதான் முதல்ல எடுத்தாங்க. அடுத்து பத்தொன்பது. முப்பதுக்கு மேல இருக்கறவங்க போய்ச் சாப்பிட்டுட்டு வரலாம். நம்பர் தவறிப்போகாது, நான் பாத்துக்கறேன்."

டாக்டர் அதிகமாகிவிடவில்லை, வரிசையும் குறைந்துவிடவில்லை. ஆனாலும் மேலே வைத்திருந்த சுமையை யாரோ வாங்கி இறக்கினதுபோல ஜனங்கள் நாற்காலியில் சாய்ந்தார்கள். சிலர் எழுந்து தேநீர்க்கடைக்குப் போனார்கள். தச்சர் மட்டும் அக்காவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பஸ் ஸ்டாண்டு மைக்குல பேசறது நீங்களா?"

"ஆமாங்க."

"பன்னண்டு வருஷமா உங்க பேச்சைக் கேட்டுத்தான் வண்டி ஏறுறேன். ரொம்ப உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

அடுத்த மூன்று மணிநேரம் இதுதான் வேலை. ஊழியர் வந்து காதில் சொல்வார். அக்கா ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொல்வார், எந்தக் கதவு என்று சொல்வார், கண் தெரியாதவர் என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கூட அனுப்புவார். அரைமணிக்கு ஒரு தடவை நர்ஸிடம் கேட்டு நிலவரம் சொல்வார். தச்சர் பதினொன்றேகாலுக்கு உள்ளே போய்விட்டு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வெளியே வந்தார். அக்கா கையில் ஒரு பன்னைத் திணித்துவிட்டுப் போனார். அந்த மூன்று மணிநேரமும் கட்டுக்குள் இருக்கும் இருட்டு தனக்கு ஞாபகமே இல்லை என்று அக்கா என்னிடம் சொன்னார்.

இரண்டு மணிக்கு ஊழியர் வந்து, "முப்பத்தெட்டும்மா" என்றார்.

அக்கா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அப்படி ஆனதில்லை. உள்ளே போனால் தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதே மேல் என்று தோன்றியது.

அப்போது பின்னாலிருந்து கணவர் எழுந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "முப்பத்தெட்டு. நாங்கதான்" என்றார். அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மேசை ஓரத்தில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் இருந்தது. கட்டை அவிழ்த்து, களிம்பு தடவி, வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். பிறகு சின்னக் கத்தரிக்கோலால், ஒட்டிக்கொண்டிருந்த இமைமுடியை ஒவ்வொன்றாக வெட்டினார். "அசையாதீங்கம்மா. கொஞ்சம்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம்." அக்கா கணவரின் கையை நசுக்கிக்கொண்டிருந்தார்.

இமை பிரிந்தது. வெளிச்சம் ஊசிபோலக் குத்தியது. கண்ணீர் கொட்டியது. வெளிச்சம் தெரிகிறதே என்பது கொஞ்சம் கழித்துத்தான் அக்காவுக்கு உறைத்தது. டாக்டர் நல்ல கண்ணைக் கையால் மறைத்தார்.

"இந்தக் கண்ணால பாத்துச் சொல்லுங்க. என்ன தெரியுது?"

கலங்கலாக ஒரு உருவம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

"இவர் சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கார்" என்றார் அக்கா.

கணவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். அப்படியே நிமிராமல் அழுதுவிட்டார்.

டாக்டர் மஞ்சள் சொட்டு விட்டு, நீல விளக்கு அடித்துப் பார்த்தார். "கருவிழி மேல ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். களிம்பு தர்றேன், மூணு நாள்ல ஆறிடும். பார்வைக்கு ஒண்ணும் ஆகல. உடனே தண்ணி விட்டுக் கழுவினது யாரு?"

"இவர்தான் டாக்டர்."

"நல்ல வேலை செஞ்சீங்க சார்."

"பசையை ஊத்தினதும் நான்தான் டாக்டர்" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

அரைமணி உட்கார்ந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய, கணவர் தயங்கித் தயங்கி ஊழியரிடம் போய் நின்றார்.

"முப்பத்தொன்பது" என்றார், ஊழியர் காதில் சொன்னதைக் கேட்டு.

"ரெண்டு தடவை சொல்லுங்க" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"முப்பத்தொன்பது! ரெண்டாவது கதவு!"

இரண்டாவது டாக்டர் வந்து வரிசை இரண்டாகப் பிரிந்ததும் கிளம்பினார்கள். வீட்டுக்குப் போய், காலையில் வடித்த சோற்றை ஆறிப்போனபடியே தட்டு தட்டாகச் சாப்பிட்டார்கள். அக்கா மறுநாள் காலை வரை அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார். மூன்றாம் நாள் போய்க் காட்டினார்கள், கீறல் இருந்த தடமே இல்லை.

இமைமுடி முளைக்கத்தான் இரண்டு மாதம் ஆனது. அதுவரை இடது கண் குருவிக்குஞ்சின் கண் மாதிரி மொட்டையாக இருந்தது. தூசு பட்டுவிடக்கூடாதென்று பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். "என்னக்கா, சினிமாவுல சேந்துட்டீங்களா?" என்று ஓட்டுநர்கள் கீழேயிருந்து கேட்டார்கள். அக்கா மைக்கை அணைக்காமலே சிரித்தார். பதினான்கு மேடைக்கும் கேட்டது.