பட்டாளத்து லைனில் ஒரு காப்பி

நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சட்டையில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. எனக்குப் பழைய வேலை ஞாபகம் வந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பார்க்காத வேலை கிடையாது, எதிலும் நிலைத்ததும் கிடையாது. வெள்ளையடிக்கிற வேலையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றேன், காண்ட்ராக்டர் மத்தியானச் சோறு போட்டதால்.

அவர்தான் என்னைப் பட்டாளத்து லைனுக்கு அனுப்பினார். கல்லல் ரோட்டில், ராணுவத்துக் குடும்பங்களுக்கென்று அரசாங்கம் கட்டிய வரிசை வீடுகள். ஆண்கள் எல்லையில், லைன் முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும். அங்கே ஹவில்தார் வீடு, சிப்பாய் வீடு என்றுதான் பேச்சு. குழாயடியில் குடம் வைப்பதுகூட அந்தப் பதவி வரிசையில்தான்.

பராமரிப்புக்கு வந்த பணம் ஒழுங்காகச் செலவானதா என்று பார்க்க மறுநாள் சென்னையிலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. சிப்பாய் வீட்டுச் சரோஜாவின் பின்னறையில் மேல்தளம் தொந்தி மாதிரி தொங்கியது, கம்பி தெரிந்தது. முந்தின வாரம் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காரைக் கட்டி பெயர்ந்து விழுந்திருந்தது. அதைச் சுண்ணாம்பு பூசி மறைக்கச் சொன்னார் காண்ட்ராக்டர்.

"ஈரத்துல பிடிக்காதுண்ணே" என்றேன்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பிடிச்சாப் போதும்டா" என்றார் காண்ட்ராக்டர்.

"அதிகாரிகிட்ட நீங்களே சொல்லிருங்கக்கா" என்றேன் சரோஜாவிடம்.

"புகாருன்னு யூனிட்டுக்குப் போனா அவுக லீவு போயிரும். பிள்ள மொகத்தையே இன்னும் பாக்கல அவுக."

அப்படி யாருக்கும் லீவு போனதாக நான் கேட்டதில்லை. ஆனாலும் லைன் முழுக்க அந்தப் பயம்தான்.

பூசிவிட்டு வந்தேன். இரவு மழை பெய்தது. காலையில் வந்த அதிகாரிக்கு முன்னறையை மட்டும் காட்டி, "எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்" என்றார் காண்ட்ராக்டர்.

"குறை ஏதும் இருக்காம்மா?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்லங்கய்யா. காப்பி குடிக்காமப் போகக் கூடாது. உள்ள வந்து உக்காருங்க."

வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைச் சரோஜா பின்னறையில் போட்டிருந்தாள். "நேரமாச்சு சார்" என்றார் காண்ட்ராக்டர். அதிகாரி அதைக் காதில் வாங்காமல் போய் உட்கார்ந்துவிட்டார். காப்பியை நிலைப்படியிலிருந்தே நீட்டிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். உள்ளே வரவில்லை. நானும் மேலே பார்க்காமல் நின்றேன்.

அதிகாரியின் முழங்கையில் வெள்ளையாக ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டார். அடுத்தது டம்ளருக்குள். நிமிர்ந்து பார்த்தவர் சத்தமில்லாமல் எழுந்தார். "எல்லாரும் வெளிய போங்க."

வாசலுக்கு வந்ததும், "எத்தன நாளா இப்படி?" என்றார்.

சரோஜா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டு மும்தாஜக்கா சன்னல் வழியாகச் சத்தம் போட்டாள்: "அவ ஒண்ணும் சொல்லலங்க சார், நல்லாப் பாத்துக்கங்க! காப்பிதான் குடுத்தா!"

லீவு போகவில்லை, சரோஜாவின் வீட்டுக்காரர் வந்து பிள்ளையைப் பார்த்தார். ஆனால் லைன் மொத்தமும் குடியிருக்க லாயக்கில்லை என்று உத்தரவு வந்தது. வெளியே வீடு பார்க்க அரசாங்கம் கொடுத்த வாடகைப் பணத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். சாமான் ஏற்றும்போது மும்தாஜக்கா, "ஒரு டம்ளர் காப்பியில ஊரையே காலி பண்ணிட்டியேடி" என்றாள். சிரித்த சரோஜா சிரிப்பு முடியுமுன்பே அழுதாள்.

இப்போது அங்கே காம்பவுண்டுச் சுவரும், புதிய குடியிருப்பு வரப்போவதாகச் சொல்லும் ஒரு போர்டும்தான். அப்போதெல்லாம் லீவில் யார் வந்து ஆட்டோவை விட்டு இறங்கினாலும் லைன் பிள்ளைகள் மொத்தமும் ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும். பெட்டியை அவர் கீழே வைப்பதற்குள், ஒவ்வொன்றும், அவர் பெற்றதுகூட, அவரிடமே கேட்கும்: "எங்க அப்பா எப்ப வருவாக?"