ஆறு ஆரக்கால்களும் தெரிந்தன

"ஐயா, என் கை இருக்கா?"

தேயிலை ஆலையின் சல்லடைக் கூடத்தில், சுவரோரம் வீழ்ந்து கிடந்த ஆறுமுகம் என்னைக் கேட்ட முதற்கேள்வி அது. கண்களை இறுக மூடியிருந்தார். கை இருந்தது, சட்டையின் கைப்பகுதிதான் தோள்வரை கிழிந்து தொங்கிற்று. "இருக்குப்பா, இருக்கு" என்றேன்.

ரிங்லெட் என்னும் மலையூருக்கு மேலிருந்த தேயிலைத் தோட்டத்தில், எழுபதுகளின் இறுதியில் நான் மின்வினைஞனாகப் பணியாற்றினேன். மஞ்சள் ஒளியில் தேயிலைத் தூளின் நிறத்தைச் சரிவரப் பிரித்தறிய இயலவில்லை என்று, கூடத்தின் பழைய இழைவிளக்குகளான குண்டு பல்புகளை நீக்கிக் குழல்விளக்குகள் பொருத்தும் பணியை நிருவாகம் எனக்களித்தது. விபத்துக்கு முதல்நாள்தான் முடித்திருந்தேன். "டியூப் போட்டதும் கல்யாண வூடு மாதிரி இருக்குலா" என்று பெண்கள் மகிழ்ந்தனர்.

அங்கே ஒவ்வொரு சல்லடையையும் ஒரு மோட்டார் தோல்வாரால் இழுத்து ஆட்டும். வார் கழன்றால், சல்லடைத் தொழிலாளர் சுவிட்சுப் பலகையருகே நிற்பவரிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்துவார்கள். கூடத்தின் இரைச்சலில் அது நின்றதைச் செவியால் அறிய வழியில்லை. ஆகவே அவர்களுக்கென ஒரு விதி இருந்தது: மோட்டார்க் கப்பியின் ஆறு ஆரக்கால்களையும் எண்ண முடிந்தால் மட்டுமே வாரைத் தொடலாம். ஓடும் கப்பியில் ஆரக்கால்கள் சாம்பற்புகையாய்க் கலந்துவிடும், எண்ண வாராது. அவ்விதி அதுவரை பொய்த்ததில்லை.

அன்று வார் கழன்றது. "பாக்கியம், ஆஃப் பண்ணு!" என்று ஆறுமுகம் கத்தியது, சுவிட்சுப் பலகையருகே நின்ற தொழிலாளிப் பெண் பாக்கியத்தின் செவியில் விழவில்லை. ஆறுமுகம் ஆரக்கால்களை எண்ணினார். ஆறும் தெரிந்தன. வாரைக் கப்பியில் ஏற்றினார். மறுநொடி அது சட்டையைப் பற்றிக் கிழித்து, அவரைச் சுவரில் வீசியது.

தோட்ட மேலாளராகிய துரை விரைந்து வந்தார்.

"குடிச்சிருக்கியா?"

"இல்லீங்க தொரை. ஆறு காலையும் எண்ணிட்டுத்தான் கைய வச்சேன். சாமி சத்தியமா."

"ஓடுற மோட்டார்ல எப்படிடா எண்ணுவ? பொய்யா சொல்ற? நாளையிலேர்ந்து உனக்கு இங்க வேலை கெடையாது."

"பேருலயே ஆறு இருக்கு, எண்ணத் தெரியாமப் போச்சேண்ணே!" என்றார் பாக்கியம், அழுகையினூடே.

ஆறுமுகம் பொய் பேசுபவர் அல்லர். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அருகே சென்று நானும் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறுவரை எண்ண முடிந்தது. கப்பி ஏறத்தாழ அசைவற்று நின்றது. உற்று நோக்கினால் பின்புறமாக மெல்ல ஊர்வதுபோல் இருந்தது. ஒரு சணற்சாக்குத் துண்டை நீட்டினேன். பறித்து நார்நாராக எறிந்தது. அப்போதும் ஆறு ஆரக்கால்களும் அமைதியாகத் தெரிந்தன.

"தொரை, நீங்களே எண்ணுங்க."

குனிந்தார். உதடுகள் அசைந்து ஆறில் நின்றன. "என்னா இது... நிக்குதே!"

குழல்விளக்குகளை அணைத்துவிட்டுச் சாளரத்தைத் திறந்தேன். பகலொளியில் கப்பி சாம்பற்புகையாய்ச் சுழன்றது. துரை திடுக்கிட்டுப் பின்வாங்கினார். "அடக் கடவுளே. நானும் கைய வச்சிருப்பேன்."

இழைவிளக்கு சூடாறாமல் தொடர்ந்து ஒளிரும். குழல்விளக்கோ நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிரும். ஒவ்வோர் ஒளிர்விலும் ஓர் ஆரக்காலின் இடத்தில் அடுத்தது வந்து நின்றால், சுழலும் சக்கரம் நின்றதாகவே கண் காணும். அந்த மோட்டாரின் வேகம் அதற்கு மிகச்சரியாகப் பொருந்திவிட்டது.

"நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்று ஆறுமுகத்திடம் கூறிவிட்டுத் துரை வெளியேறினார்.

குழல்விளக்குகளை ஆலைக்கு வரும் மின்சாரத்தின் மூன்று ஃபேஸ்களுக்கும் பிரித்து இணைத்தேன். ஒன்று மங்கும்போது மற்றது ஒளிரும். கப்பிதோறும் பழைய இழைவிளக்கொன்றைத் தொங்கவிட்டுக் கம்பிவலையும் அடைத்தோம். ஆயினும் ஆறுமுகம் அதன்பின் எண்ணவே இல்லை. வார் கழன்றால் தாமே நடந்துசென்று, மோட்டாரின் ஃபியூசைப் பிடுங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்வார்.

"எண்ணலையாண்ணே?" என்பார் பாக்கியம்.

"நீ எண்ணிக்க தாயி. ஃபியூஸ் என் பாக்கெட்ல இருக்குலா."

அதுவே ஆலையின் விதியாயிற்று. விளக்கு மாற்றச் செல்லும் இளையோர்க்கு நான் கூறுவதும் ஒன்றே: அவ்வொளியை நம்பி யார், எங்கே கை நீட்டுகிறார் என்று கேட்டறிந்த பின்னரே ஏணியில் ஏறுங்கள்.