காது வைத்துப் பார்த்த ரொட்டி

அடுப்பிலிருந்து வெளியே வந்த ரொட்டியை அவர் உடனே கண்ணால் பார்ப்பதில்லை. கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்கத்தை நடுவிரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். முடியை ஒதுக்கிவிட்டு, சூடு ஆறாத அந்த அடிப்பக்கத்தில் வலது காதைக் கன்னத்தோடு சேர்த்து வைப்பார். கண் மூடியிருக்கும். அப்போது யாரும் பேசக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்தும் யாருக்கும் பேச்சு வராது, அவர் கணவரைத் தவிர.

"என்னம்மா, என்னைப் பத்தி ஏதாவது குறை சொல்லுதா?"

"நேத்து ஒளிச்சு வச்சுத் தின்னீங்களாமே, அதைத்தான் சொல்லுது."

நான் அடுப்பு பழுது பார்க்கிறவன். பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம், ரொட்டிக்கடை அடுப்பில் சூடு காட்டும் முள் நகரவில்லை என்று அந்தத் தம்பதி கூப்பிட்டிருந்தார்கள். தெருவே அந்த அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே.

மேசைமேல் பண்டிகை ரொட்டி உப்பிக்கொண்டிருந்தது. பாலும் முட்டையும் உலர்திராட்சையும் சேர்த்து, தடித்த பின்னல் போல முறுக்கிய மூன்று கிலோ இனிப்பு ரொட்டி. வழிபாடு முடிந்ததும் கூட்டத்தின் நடுவே மூத்தவர் ஒருவர் அதை வெட்டுவார். அதுவரை அதில் ஊசிமுனைகூடப் படக் கூடாது. கேக்கில் செய்வது போலக் குச்சியால் குத்திப் பார்க்கிற கதையே இங்கே கிடையாது. போன வருடம் அக்கா காய்ச்சலில் படுத்திருக்க, கணவர் முள்ளை நம்பி எடுத்துவிட்டார். எல்லாரும் பார்க்க, கத்தியோடு பச்சை மாவு இழுபட்டு வந்தது. இந்த வருடம் ரொட்டிக்குச் சொல்ல வந்த விழாக் குழுவினர் உட்காரக்கூட இல்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்மா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த ரொட்டி அக்காவுடையது.

முள்ளை மாற்றினேன். நூற்றெண்பது டிகிரி காட்டியது; ரொட்டி உள்ளே போனது. ஐம்பது நிமிடத்தில் ரொட்டியின் மேல்பக்கம் பொன்னாகச் சிவந்தது. கணவர் துணி சுற்றிய கைகளால் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அக்கா அடியில் நின்று தட்டி, காது வைத்தார்.

"இல்ல. நடுவுல இன்னும் தூங்குது."

பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே பதில். மேல்பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது. அக்கா காகிதம் போட்டு மூடி உள்ளே தள்ளினார்.

"கருகிடும்மா" என்றார் கணவர், இந்த முறை சிரிக்காமல்.

"முள்ளு சரியாத்தான் காட்டுதுக்கா, நானே மாட்டினது." அடுப்பின் இரைச்சலுக்கு நடுவே, அவருக்கு வலப்பக்கம் நின்று சொன்னேன். பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னேன். திரும்பக்கூட இல்லை. கோபம் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் முறை கணவர் ரொட்டியைத் தூக்கிப் பிடித்தார். அக்கா தட்டினார். எனக்கு மரக்கதவைத் தட்டிய சத்தம்தான் கேட்டது. ஆனால் அவர் புருவம் மெல்லத் தளர்ந்தது. மூன்று கிலோ இருட்டுக்குள்ளே, ஒரு கண்ணும் நுழைய முடியாத இடத்தில் நடப்பதை ஒரு பெண் கன்னத்தால் தெரிந்துகொள்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முழிச்சுக்கிச்சு. இறக்குங்க."

மறுநாள் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றேன். கத்தி இறங்கியது, நின்றது, வெளியே வந்தது. ஒரு துளி மாவு இல்லை. விழாக் குழுத் தலைவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார்.

அன்று மாலையே போய் என் முள்ளை இன்னொரு கருவி வைத்துச் சோதித்தேன். இருபது டிகிரி கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. தலை குனிந்து சொன்னபோது கணவர் என் தோளில் தட்டினார். அக்கா என்மேல் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டேன்.

"கோபமா? நீ எந்தப் பக்கம் நின்னு சொன்ன?"

"வலப்பக்கம்."

"அந்தக் காது ஏழு வயசுலயே போயிடுச்சுப்பா. இடி விழுந்தாலும் கேக்காது. தட்டினா கன்ன எலும்புல அதிருதாம், அதுதான் கணக்கு. கேக்கற காதை வச்சா என் பேச்சு குறுக்க வந்துடுதாம்."